முத்தொற்று

2022 நவம்பர் கடைசியில் ஒரு துண்டறிக்கை மொழிபெயர்ப்புக்கு வந்தது. டொராண்டோவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கானது. இரண்டே பக்கம். குழந்தைக்கு மூச்சு வாங்கினால் என்ன பார்க்க வேண்டும், எப்போது அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், எப்போது வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எளிமையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அரை நாள் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். அங்கே இருந்த சொல் ‘ட்ரிபிள்டெமிக்’.

அந்த நேரத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைகள் மருத்துவமனைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஆர்எஸ்வி, ஃப்ளூ, கொரோனா மூன்றும் சேர்ந்து வந்திருந்தன. ஆர்எஸ்வி என்பது புதுக் கிருமி ஒன்றும் இல்லை. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு தடவையாவது தொட்டுவிட்டுப் போகிற சுவாசக் கிருமி. பெரியவர்களுக்கு மூக்கு ஒழுகுவதோடு முடியும், கைக்குழந்தைக்கு நெஞ்சு உள்வாங்கும். இரண்டு வருடம் முகக்கவசமும் வீட்டடைப்புமாக இருந்ததில் பல குழந்தைகள் அதைப் பார்க்காமலே வளர்ந்திருந்தன. அந்த வருடம் மொத்தமாகப் பார்த்தன. ஒட்டாவாவின் குழந்தைகள் மருத்துவமனை இரண்டாவதாக ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு திறந்தது, டிசம்பரில் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் உதவிக்கு வந்தார்கள். மருந்துக் கடைகளில் குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் கிடைக்கவில்லை. பத்து லட்சம் பாட்டில் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாகக் கனடா சுகாதாரத் துறை அறிவித்தது.

சரி, இத்தனைக்கும் ஒரே சொல். தமிழிலும் ஒரே சொல்லாகக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மனதில் வந்தது ‘மும்முனை’. மும்முனைத் தாக்குதல். போர் அடிப்பது போல இருந்தது. அதையும் தாண்டி, மும்முனை என்றாலே எனக்குத் தேர்தல் போட்டி ஞாபகம் வரும், இல்லாவிட்டால் மின்வாரியம். வயலுக்கு மும்முனை மின்சாரம் விடுகிற நேரம் தெரியாமல் ராத்திரி முழுக்கக் கண்விழித்த மாமா ஒருவர் எனக்கு உண்டு. அடுத்தது ‘முப்பெரும் தொற்று’. முப்பெரும் விழா மாதிரி, மேடை போட்டுத் தலைவரை அழைக்க வேண்டும் போலிருந்தது. கடைசியில் ‘முத்தொற்று’ என்று தட்டி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சிதமாக இருந்தது. முத்தமிழ், முக்கனி, முத்தொற்று. மொழிபெயர்ப்பாளனுக்கு எப்போதாவது வருகிற கர்வம் அன்றைக்கு வந்தது.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தவர் திரையை எட்டிப் பார்த்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. “யாருக்கு முத்து போட்டிருக்கு?” என்றார்.

எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் உடம்பில் எழும்பும் கொப்புளத்துக்கு முத்து என்றுதான் பெயர். அம்மா படித்தது பாதிச் சொல்தான். ஆனால் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு துண்டறிக்கை படிக்கிற எந்தத் தாயும் அந்தப் பாதிச் சொல்லைத்தான் படிப்பாள். மூன்று கிருமியைச் சொல்லப் போய் நான்காவதாக அம்மையையும் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அப்படியே வைத்து அனுப்பினேன்.

இந்த மாதிரி வேலைகளில் எழுதியதைச் சரிபார்க்க அங்கே ஒருவர் இருப்பார். இதற்கு இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து போய் முப்பது வருடமாக அங்கே இருக்கும் ஓர் அக்கா. முகம் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகத்தான் பேசிக்கொள்வோம். அடுத்த நாள் காலை அவருடைய குரல் வந்திருந்தது.

“தம்பி, நீங்கள் அனுப்பினதை வாசிச்சனான். நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா மேல தலைப்பில போட்டிருக்கிற சொல் என்னெண்டு எனக்கே விளங்கேல்லை. எங்கட சனத்துக்கு எப்பிடி விளங்கும்? அதோட சளி சளி எண்டு எழுதியிருக்கிறியள். மூக்கால ஓடுறது தடிமன் எல்லோ? அதை மாத்திவிடுங்கோ.”

தடிமனை உடனே மாற்றிவிட்டேன். அது அவர்கள் சொல், அவர்களுக்கான காகிதம். தலைப்புத்தான் நின்றது.

இது எனக்குப் பழைய கடன் வேறு. 2020இல் இதன் அண்ணன் வந்திருந்தான், ‘ட்வின்டெமிக்’. அந்தக் குளிர்காலத்தில் கொரோனாவோடு ஃப்ளூவும் சேர்ந்து தாக்கும் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் ஆகஸ்டிலிருந்தே எழுதின. ஒரு தடுப்பூசி அறிவிப்பில் அதை ‘இரட்டைத் தொற்று’ என்று எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நடந்தது வேறு. அந்தப் பருவத்தில் ஃப்ளூ கிட்டத்தட்டக் காணாமலே போனது. அதற்கு முந்தைய பருவத்தில் அமெரிக்காவில் ஃப்ளூவால் இறந்த குழந்தைகள் 200 பேருக்கு நெருக்கம், 2020–21இல் பதிவானது ஒன்றே ஒன்று. சொல் வந்து சேர்ந்தது, சொல் குறித்த பொருள் வரவில்லை.

அதைவிட, என் மொழிபெயர்ப்பே தப்பு என்பது 2022 ஜனவரியில் உறைத்தது. இஸ்ரேலில் ஒரு கர்ப்பிணிக்கு ஒரே சமயத்தில் ஃப்ளூவும் கொரோனாவும் இருந்தது என்று செய்தி வந்து, அதற்கு ‘ஃப்ளூரோனா’ என்று பெயரும் வந்தது. இரண்டு கிருமி ஒரே உடம்பில் இருப்பது 2020 தொடக்கத்திலிருந்தே மருத்துவர்கள் பார்த்து வந்ததுதான். ஆனால் பெயர் வைத்ததும் அது புது வைரஸ் ஆகிவிட்டது. என் சித்தி குடும்பக் குழுவில் ‘புளோரோனா என்ற புதிய கிருமி பரவுகிறது, தயிர் சாப்பிடாதீர்கள்’ என்று அனுப்பினார். தயிர் எங்கிருந்து வந்ததோ. அப்போதுதான் பார்த்தேன், ‘இரட்டைத் தொற்று’ என்றால் தமிழ் படிக்கிறவருக்கு இதுதான் புரியும்: ஒரு ஆளுக்கு இரண்டு நோய். ட்வின்டெமிக் சொல்வதோ ஊரில் இரண்டு நோய் இருப்பதை. வீட்டுக்குள் இருவர் சண்டை போடுவதற்கும் தெருவில் இரண்டு வீட்டில் சண்டை நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆங்கிலச் சொல்லை உடைத்துப் பார்த்தால் அதுவே தப்பாகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது. எபிடெமிக் என்பது கிரேக்கம். ‘எபி’ என்றால் மேல், ‘டெமோஸ்’ என்றால் மக்கள், டெமாக்ரசியில் இருக்கிற அதே டெமோஸ். மக்கள் மேல் வந்து இறங்குவது எபிடெமிக், எல்லா மக்களையும் பிடிப்பது பாண்டெமிக். நோய் என்ற பொருள் அந்தச் சொல்லின் எந்தத் துண்டிலும் கிடையாது. ஆனால் ‘டெமிக்’கைத் தனியாகப் பிடுங்கி, அதுதான் நோய் என்று வைத்துக்கொண்டு, முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். ஆல்கஹாலிக்கை வெட்டி வொர்க்கஹாலிக் செய்த மாதிரி. முறைப்படி பார்த்தால் ட்வின்டெமிக் ‘இரட்டை மக்கள்’, ட்ரிபிள்டெமிக் ‘மும்மக்கள்’. 2003இல் சார்ஸ் வந்தபோது டேவிட் ராத்காஃப் என்பவர் வாஷிங்டன் போஸ்ட்டில் ‘இன்ஃபோடெமிக்’ என்று எழுதினார், தகவல் பரவும் நோய். 2020இல் உலக சுகாதார நிறுவனத் தலைவரே அதை மேடையில் சொன்னார். அதில் கிருமியும் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு அது கைவந்த வித்தை. நாலு காரியம் சேர்ந்து நடந்தால் உடனே அதற்கு ஒரு பெயர்ச்சொல் வைத்துவிடும். அடுத்தடுத்துத் திருட்டு நடந்தால் அது ‘ராஷ்’, தோலில் திட்டுத் திட்டாகக் கிளம்புகிற அதே ராஷ். விபத்துகள் குவிந்தால் ‘ஸ்பேட்’, ஆற்றில் திடீரென்று வருகிற வெள்ளம். நம் செய்தித்தாள் இந்த இடத்தில் பெயரே வைக்காது. ‘அடுத்தடுத்து 5 வீடுகளில் திருட்டு’ என்று போடும், விஷயம் முடிந்தது. மிஞ்சிப் போனால் ‘தொடர் திருட்டு’.

கொரோனா காலத்தில் சில சொற்கள் நேராக வந்து உட்கார்ந்துகொண்டன. ‘அலை’க்கு ஒரு சிரமமும் இல்லை. அனுதாப அலை, ஆதரவு அலை என்று ஏற்கெனவே தேர்தல்களில் பழகியிருந்தோம், முதல் அலை, இரண்டாம் அலை என்று அப்படியே எடுத்துக்கொண்டோம். ‘கிளஸ்டர்’ மட்டும் கடைசிவரை ஒட்டவில்லை. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் போனபோது ‘கோயம்பேடு கிளஸ்டர்’ என்றே எல்லோரும் சொன்னோம். அகராதியைப் பார்த்தால் கொத்து. ஆனால் தமிழில் நோய்க்குப் பக்கத்தில் கொத்து வந்தால் ‘கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்’ என்ற வாக்கியம்தான் காதில் விழும். ஒரு இடத்தில் சிலருக்குத் தொற்று இருக்கிறது என்பதற்கு அந்தச் சொல்லைப் போட்டால் ஊர் காலியாகிவிடும்.

அக்காவின் குரல் செய்தியை இரண்டாவது தடவை கேட்டபோது, நான் தேடும் இடமே தப்போ என்று தோன்றியது. ஒரே நேரத்தில் பல காரியம் நடப்பதைத் தமிழ் எங்கே சொல்கிறது? பெயரில் சொல்வதாகத் தெரியவில்லை. வினையில் சொல்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு தனிப்பாடல் ஞாபகம் வந்தது. ஒரு விவசாயி. பசு கன்று போட, அடைமழை பொழிய, வீடு விழ, மனைவி நோவில் கிடக்க, பண்ணையாள் சாக, ஈரம் காய்ந்துவிடுமே என்று விதையை எடுத்துக்கொண்டு ஓட, வழியில் கடன்காரர் மறிக்க, சாவு ஓலையோடு ஒருவன் எதிரே வர, தவிர்க்க முடியாத விருந்தாளி வந்து நிற்க, பாம்பு கடிக்க, அரசன் வரி கேட்க, கடைசியில் குருக்கள் வந்து தட்சணை கொடு என்றாராம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு முற்றுவினை. மற்றதெல்லாம் ‘அ’ என்று முடியும் எச்சம். ஆங்கிலம் இதற்கு ஏதோ ஒரு ‘டெமிக்’ வைத்திருக்கும். பாட்டு எழுதியவர் எந்தப் பெயரும் வைக்கவில்லை. எச்சத்தை எச்சத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போகிறார், படிக்கிறவருக்கு மூச்சு முட்டுகிறது, அதுதான் பெயர்.

செய என்னும் வாய்பாட்டு எச்சம். தமிழய்யா கரும்பலகையில் மூன்று வாக்கியம் எழுதிப் போட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது.’ மழை காரணம். ‘குளம் நிறைய மழை பெய்தது.’ குளம் நிறைந்தது காரியம். ‘சூரியன் உதிக்க அவன் வந்தான்.’ இங்கே சூரியனுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, அவ்வளவுதான். மூன்றுக்கும் ஒரே எச்சம், ஒரே விகுதி. எது எது என்று கேட்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். பாட்டிலும் பாருங்கள், மழை பொழிய வீடு விழுந்ததில் மழை காரணம். பசு கன்று போட்டதற்கும் பாம்பு கடித்ததற்கும் அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

ட்வின்டெமிக்கும் ட்ரிபிள்டெமிக்கும் சொல்லாமல் விடுவது இதைத்தான். சேர்ந்து வந்தவை சும்மா சேர்ந்து வந்தனவா, ஒன்று இன்னொன்றை வளர்க்கிறதா? ‘சூரியன் உதிக்க வந்தான்’ வகையா, ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ வகையா?

அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது, பத்திரிகையில் அதிகம் அடிபடாத சொல். ‘சிண்டெமிக்’. மெரில் சிங்கர் என்ற மருத்துவ மானிடவியலாளர் 1990களில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் ஏழைகள் நடுவே வேலை பார்த்தபோது உண்டாக்கியது. போதைப்பழக்கம், வன்முறை, எய்ட்ஸ் மூன்றையும் தனித்தனியாக எண்ணுவதில் அர்த்தமில்லை, ஒவ்வொன்றும் மற்றதைக் கொழுக்க வைக்கிறது, மூன்றுக்கும் அடியில் வறுமை இருக்கிறது என்றார். அந்த மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அவர் வைத்த சுருக்கப் பெயர் தமிழில் எழுதினால் ‘சாவா’ என்று வருகிறது, கேள்விக்குறி இல்லாத கேள்வியாக. 2020 செப்டம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், கொரோனாவைப் பாண்டெமிக் என்று சொல்வது போதாது, அது சிண்டெமிக் என்று எழுதினார். சர்க்கரை, இதய நோய், ஏழ்மை இவற்றோடு பிணைந்துதான் அது ஆளைக் கொல்கிறது என்பது அவர் வாதம்.

அதற்கு நல்ல உதாரணம் இங்கேதான் நடந்தது, அந்தப் பெயரால் யாரும் அதைக் கூப்பிடவில்லை. 2021 மே. கொரோனாவிலிருந்து பிழைத்து வந்தவர்களுக்குக் கண் வீங்கியது, கன்னம் மரத்துப்போனது. கறுப்புப் பூஞ்சை. பூஞ்சை எப்போதும் காற்றிலும் மண்ணிலும் இருப்பதுதான். சர்க்கரை நோய் ஊரெல்லாம் இருக்க, கொரோனா வந்து சர்க்கரையை இன்னும் ஏற்ற, உயிரைக் காப்பாற்றக் கொடுத்த ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை இறக்க, பூஞ்சை உள்ளே போனது. அந்த மே மாதமே தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூலைக்குள் நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மேலே எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பார்த்தால், நான் யோசிக்காமலே எச்சமாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு ‘அ’வும் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது.

1918இலும் அப்படித்தான். மழை பொய்க்க, தானிய விலை ஏற, வயிறு காய்ந்து கிடந்தவர்கள் மேல் இன்ஃப்ளுயன்சா இறங்க, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள்.

டொராண்டோக் காகிதத்தின் மூன்று கிருமிகள் எந்த வகை? தேடிப் படித்தேன். ஒரு கிருமி உள்ளே வந்தால் உடம்பு எச்சரிக்கையாகி அடுத்ததைக் கொஞ்ச நாள் அண்ட விடாது என்றும் ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அதாவது மூன்றும் கூட்டணி சேர்ந்து வரவில்லை, ஒன்றுக்கொன்று வழிவிடாத பங்காளிகளாகக்கூட இருக்கலாம். அந்தப் பருவம் முடிந்த பிறகு வந்த அமெரிக்கக் கணக்கில் மூன்றின் உச்சமும் ஒரே நாளில் இல்லை. ஆர்எஸ்வி நவம்பர் நடுவில், ஃப்ளூ டிசம்பர் தொடக்கத்தில், கொரோனா புத்தாண்டை ஒட்டி. ‘ட்ரிபிள்’ என்றால் மூன்றும் கைகோத்து நிற்பது போலத் தெரிகிறது. நடந்தது, ஒன்று வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்தது படியேறியது. ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாகவே இல்லை என்பதுதான் பொதுவான விஷயம்.

தாய்க்கு இதில் எது வேண்டும்? மூன்றும் ஊரில் இருக்கிறது, எது வந்தாலும் முதலில் காய்ச்சலும் இருமலும்தான், அதனால் பெயரைத் தேடிக்கொண்டிருக்காமல் பிள்ளையின் மூச்சைப் பார். இவ்வளவுதான். தலைப்பை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘இந்தக் குளிர்காலத்தில் மூன்று கிருமிகள் அடுத்தடுத்துப் பரவுகின்றன. உங்கள் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.’

ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூலத்தில் ஒரு சொல் இருக்கிறது, உங்களிடம் இரண்டு வாக்கியம் இருக்கிறது, தலைப்பு கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று. நான் பதில் எழுதுவதற்கு முன்பே அக்கா எழுதிவிட்டார். என்ன எழுதினார் என்று தெரியாது. எழுத்தின் அளவைக் குறைத்து இரண்டு வாக்கியத்தையும் அடக்கிவிட்டார்கள். எனக்கு வந்த குரல் செய்தி சின்னதுதான்: “இப்ப சரி தம்பி. இதை என்ர அம்மாவும் வாசிப்பா.”

என் ‘முத்தொற்று’ அதோடு செத்தது. கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அந்த டிசம்பரில் எங்கள் வீட்டிலும் மழை, மின்தடை, பையனுக்குக் காய்ச்சல் எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன. மனைவி தன் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. “ஒரு பக்கம் மழை கொட்டுது, ஒரு பக்கம் கரண்ட் இல்ல, இதுல இவனுக்கு வேற காய்ச்சல்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தாமலே, “இவர் வேற வீட்டுலயே இருக்காரு” என்றாள். பேச்சுத் தமிழில் எச்ச அடுக்கு குறைந்துபோய், அந்த வேலையை ‘வேற’ எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்னால் சொன்னதெல்லாம் இருக்கிறது, இதுவும் வந்து சேர்ந்தது, நான் என்ன செய்வேன் என்ற மூன்றையும் அந்த ஒரு சொல் சுமக்கிறது. என்னையும் பட்டியலில் சேர்த்ததுதான் கொஞ்சம் உறுத்தியது.

2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு காகிதம் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டன், அமெரிக்கப் பத்திரிகைகள் எண்ணிக்கையை ஏற்றியிருந்தன, ‘குவாட்டெமிக்’. பழைய மூன்றோடு வாந்தி, பேதி கொடுக்கும் நோரோ வைரஸும் சேர்ந்து நாலு. இந்தத் தடவை நான் சொல் எதுவும் செய்யவில்லை. ‘நான்கு கிருமிகள் பரவுகின்றன’ என்று தலைப்பு வைத்து, உள்ளே வயிற்றுப்போக்கு என்று எழுதி அனுப்பினேன். இரவு அக்காவின் குரல் வந்தது.

“தம்பி, வயிற்றுப்போக்கை வயிற்றோட்டம் எண்டு மாத்திவிடுங்கோ. மற்றதெல்லாம் சரி. முந்தி மூண்டு எண்டாங்கள், அதே பெரிய பாடாப் போச்சு. இப்ப வயித்தாலடி வேற.”

முதல் வாக்கியத்தைத் திருத்தினேன். கடைசி வாக்கியத்தைத் தலைப்பாகப் போட முடிந்திருந்தால் போட்டிருப்பேன்.